மேட்டுப்பாளையத்தில் 97, ஊட்டியில் 77: மலையேறும் டர்போ காருக்கு எந்த ஈசியூ?

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 325 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். கல்லாறு, பர்லியாறு, குன்னூர் வழியாக ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் ஏறி முடிப்பதற்குள் காற்றழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விடுகிறது. கணக்குப்படி மேட்டுப்பாளையத்தில் 97 கிலோபாஸ்கல், குன்னூரில் 81, ஊட்டியில் 77, தொட்டபெட்டா உச்சியில் 73. வானிலையைப் பொறுத்து ஒன்று கூடும், ஒன்று குறையும், அவ்வளவுதான்.

டர்போ பெட்ரோல் காருக்கு இன்ஜின் மேனேஜ்மென்ட் சிஸ்டம், அதாவது பெட்ரோலையும் இக்னிஷனையும் கட்டுப்படுத்தும் ஈசியூ என்ற கம்ப்யூட்டர் பெட்டி, வாங்கப் போகும் நீலகிரிக்காரர் முதலில் விசாரிப்பது பெரும்பாலும் கம்பெனி பெயரையும் விலையையும்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இது: கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறுகிற வெளிக்காற்றழுத்தத்தை இந்தப் பெட்டி எதை வைத்துத் தெரிந்துகொள்கிறது, தெரிந்துகொண்டு எதையெல்லாம் திருத்துகிறது? கோவையில் டைனோவில் (நின்ற இடத்திலேயே ஓடவிட்டுப் பவரை அளக்கும் உருளை மேடையில்) ஏற்றிப் பிரமாதமாக டியூன் செய்த கார் குன்னூரைத் தாண்டியதும் கரும்புகை தள்ளுவதற்கோ, மூன்றாவது கியரில் டொக் டொக்கென்று நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை கட்டுமீறி வெடிப்பது) அடிப்பதற்கோ காரணம் இந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் விட்டதுதான்.

டர்போவுக்கு உயரம் ஒரு பொருட்டா?

"டர்போ இருந்தால் மலையில் பவர் குறையாது" என்ற பேச்சு பாதி உண்மை. டர்போ இல்லாத இன்ஜின் ஊட்டிக்கு வந்து சேரும்போது 97-க்குப் பதில் 77-ஐத்தான் உறிஞ்சுகிறது. ஐந்தில் ஒரு பங்கு பவர் நேரடியாகப் போச்சு. டர்போ, கழிவு வாயுவால் சுழலும் கம்ப்ரஸரைக் கொண்டு காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. வெளிக்காற்றுக்கு மேல் வரும் அந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். டர்போ இன்ஜினில் வேஸ்ட்கேட் (கழிவு வாயுவில் ஒரு பங்கை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் வால்வு) ஸ்பிரிங் மட்டுமே பூஸ்டைத் தீர்மானிக்கிறது என்று வையுங்கள். அந்த ஆக்சுவேட்டர் டயாஃப்ரமின் ஒரு பக்கம் பூஸ்ட், மறுபக்கம் வெளிக்காற்று. ஆகவே 0.7 பார் ஸ்பிரிங் எங்கே போனாலும் வெளிக்காற்றுக்கு மேல் 70 கிலோபாஸ்கல்தான் கொடுக்கும். மேட்டுப்பாளையத்தில் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாயில்) 167, ஊட்டியில் 147. இழப்பு 12 சதவீதம். டர்போ இல்லாத காரைவிடப் பரவாயில்லை, ஆனால் இழப்பு இழப்புதான்.

இந்த இழப்பைச் சரிக்கட்ட ஈசியூவிடம் பூஸ்ட் கட்டுப்பாட்டைக் கொடுக்கும்போதுதான் ஆபத்து உள்ளே வருகிறது. மேட்டுப்பாளையத்தில் ஒரு பார் பூஸ்ட் என்றால் மேனிஃபோல்டில் 197 கிலோபாஸ்கல். கம்ப்ரஸர் செய்கிற வேலையை அழுத்த விகிதத்தில் சொல்ல வேண்டும்: 197-ஐ 97-ஆல் வகுத்தால் 2.03. அதே 197 ஊட்டியிலும் வேண்டும் என்று ஈசியூ பிடிவாதம் பிடித்தால் 197-ஐ 77-ஆல் வகுக்க வேண்டும், விகிதம் 2.56. மேனிஃபோல்டின் எண் மாறவில்லை, டர்போவின் சுழல்வேகமோ எகிறிவிட்டது. கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்று எடுத்துக் கணக்குப் போட்டால், 27 டிகிரி வெயிலில் மேட்டுப்பாளையத்தில் கம்ப்ரஸரை விட்டு வெளியேறும் காற்று ஏறக்குறைய 120 டிகிரி. 15 டிகிரி குளிரில் ஊட்டியில் அது 140-ஐத் தாண்டுகிறது. ஊர் குளிர்கிறது, கம்ப்ரஸர் கொதிக்கிறது. சின்ன டர்போக்களில் அந்த விகிதத்தில் திறனும் சரிந்துவிடும் என்பதால் உண்மை நிலை இதைவிட மோசமாகவே இருக்கும். பேரிங் தேய்ந்து, ஆயில் கசிந்து, கடைசியில் கம்ப்ரஸர் சக்கரமே உடைவது இப்படித்தான்.

ஆகவே மலைக்கான ஈசியூவில் பூஸ்ட் இலக்கை வெளிக்காற்றழுத்தத்தை வைத்துக் குறைக்கும் அட்டவணை இருந்தே தீர வேண்டும். ஆர்பிஎம், திராட்டில் (காற்று வால்வின் திறப்பு) இரண்டுக்கு மட்டும் அட்டவணை தரும் பெட்டி நமக்கு உதவாது. ஒரு நடைமுறை உதாரணம்: மேட்டுப்பாளையத்தில் 180 கிலோபாஸ்கல், குன்னூரில் 170, ஊட்டியில் 160, தொட்டபெட்டாவில் 152. வகுத்துப் பார்த்தால் விகிதம் எங்குமே 2.1-ஐத் தாண்டவில்லை. ஏர் ஃபில்டரில் இரண்டு மூன்று கிலோபாஸ்கல் போவதால் உண்மையான விகிதம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், அதற்கும் இடம் விட்டு வைக்க வேண்டும். உங்கள் டர்போவின் கம்ப்ரஸர் மேப் (எந்த விகிதத்தில் எவ்வளவு திறன் என்று காட்டும் வரைபடம்) கையில் இருந்தால் எண்களை அதிலிருந்து எடுங்கள்.

காற்றை எப்படி அளக்கிறது?

உள்ளே போகும் காற்றை ஈசியூ கணக்கிட மூன்று வழிகள் உண்டு. மலையில் மூன்றும் மூன்று விதமாகத் தவறு செய்கின்றன.

திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையும் ஆர்பிஎம்மையும் மட்டும் பார்ப்பது ஆல்ஃபா-என். பாதி திராட்டில் என்றால் அதற்குப் பழைய கணக்கில் உள்ள பெட்ரோல். ஊட்டியில் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருப்பது அதற்குத் தெரியாது, கலவை பயங்கர ரிச், அதாவது பெட்ரோல் மிகை. டர்போவுக்கு இந்த முறையைத் தனியாகப் பயன்படுத்தவே கூடாது.

ஹாட் வயர் மாஃப் சென்சார் காற்றின் நிறையையே அளப்பதால் உயரத்தைத் தானாகவே சமாளித்துவிடும். அதற்கு எதிரி வேறு. வெளியே காற்றை விடும் புளோ-ஆஃப் வால்வு போட்டிருந்தால், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஆக்சிலரேட்டரை விடும்போது அளந்த காற்று வெளியே போய்விடும், அதற்குரிய பெட்ரோல் மட்டும் உள்ளே போகும். மலைப்பாதையில் இது நிமிடத்துக்கு நாலைந்து தடவை நடக்கிற காரியம். மாஃப் இருந்தால் வால்வின் வாயைத் திரும்ப இன்டேக் பைப்பில் இணைத்துவிடுங்கள்.

டர்போ கார்களில் அதிகம் புழங்குவது ஸ்பீட் டென்சிட்டி. மேனிஃபோல்டின் அழுத்தம், காற்றின் வெப்பம், ஆர்பிஎம் மூன்றையும் வைத்துக் காற்றைக் கணக்கிடும். மேனிஃபோல்டு அழுத்தத்தைச் சொல்லும் மேப் சென்சார், வெற்றிடத்திலிருந்து தொடங்கி முழு அழுத்தத்தை அளப்பதால் உயரம் தானாகவே கணக்கில் வந்துவிடுகிறது, பிறகு வெளிக்காற்றழுத்தத்தை அளக்கும் தனி பாரோ சென்சார் எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். முழுக்க வருவதில்லை. வெளிக்காற்றழுத்தம் குறைந்தால் சைலன்சர் பக்கத்து எதிர் அழுத்தமும் குறைகிறது. சிலிண்டரில் தங்கும் கழிவு வாயு குறைந்து, அதே மேனிஃபோல்டு அழுத்தத்தில் புதுக்காற்று கொஞ்சம் கூடுதலாக நுழைகிறது. பெட்ரோல் பழைய கணக்கிலேயே போனால் கலவை லீன், அதாவது பெட்ரோல் குறை. வேறுபாடு சில சதவீதம்தான், முக்கியமாக சீரான வேகத்தில் பூஸ்ட் இல்லாமல் ஓடும்போது தெரியும்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆல்ஃபா-என் முறைக்கான பாரோ திருத்தம், அழுத்தம் குறையக் குறையப் பெட்ரோலைப் பெருமளவு குறைக்கும். ஸ்பீட் டென்சிட்டிக்கான திருத்தமோ சற்றே கூட்டும். சாஃப்ட்வேரில் இரண்டுக்கும் ஒரே மாதிரி பெட்டிதான் டிக் செய்யக் கிடக்கும். ஸ்பீட் டென்சிட்டியில் ஓடும் காருக்கு முதல் வகைத் திருத்தத்தைப் போட்டுவிட்டால் உயரத்தை இரண்டு தடவை கழித்ததாகிவிடும். கோவை டைனோவில் ஒன்றும் தெரியாது. ஊட்டியில் பெட்ரோல் 20 சதவீதம் குறைவாகப் போகும், அதுவும் முழு பூஸ்டில். பிஸ்டன் ஓட்டை விழ ஒரு ஏற்றம் போதும்.

தனி பாரோ சென்சார்: இதில் சமரசம் வேண்டாம்

மெகாஸ்க்விர்ட், ஸ்பீடுயினோ போன்ற பெட்டிகளில் தனி பாரோ சென்சார் இணைக்காவிட்டால், சாவி போட்டதும் இன்ஜின் சுழல்வதற்கு முன் மேப் சென்சார் காட்டும் எண்ணையே பெட்டி வெளிக்காற்றழுத்தமாக எடுத்துக்கொள்ளும். சமவெளிக்கு அது போதும். மேட்டுப்பாளையத்தில் ஸ்டார்ட் செய்து நிறுத்தாமல் ஊட்டி வரை ஏறினால், கடைசி வரை 97 என்றே நம்பிக்கொண்டிருக்கும். மேலே சொன்ன பூஸ்ட் அட்டவணையும் 97-க்கு உரிய 180-ஐயே கேட்கும். டர்போ இல்லாத சில கார்களில் முழு திராட்டில் நேரத்தில் மேப் காட்டுவதைப் பார்த்து ஈசியூ தன்னைத் திருத்திக்கொள்ளும். டர்போவில் அந்த நேரத்தில் பூஸ்ட் இருப்பதால் அந்த வழியும் அடைபட்டது. குன்னூரில் நிறுத்திச் சாவியை அணைத்துப் போடுவது அவசரத்துக்கு உதவும், அதையே நம்பி ஒரு இன்ஜினைக் கட்டக் கூடாது.

எக்குமாஸ்டர் இஎம்யு பிளாக் போன்ற பெட்டிகளில் 400 கிலோபாஸ்கல் மேப் சென்சாரோடு பாரோ சென்சாரும் உள்ளேயே இருக்கிறது. மெகாஸ்க்விர்ட், ஸ்பீடுயினோ வாங்குகிறவர்கள் ஒரு அனலாக் இன்புட்டை இதற்கென்றே ஒதுக்கி, சாதாரண மேப் சென்சார் ஒன்றை வெளிக்காற்றுக்குத் திறந்து வைத்தால் அதே வேலை நடக்கும். செலவு சொற்பம். ஒரு எச்சரிக்கை: உள்ளே பாரோ சென்சார் இருக்கும் பெட்டியை மழைக்குப் பயந்து காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வைக்காதீர்கள், டப்பாவின் அழுத்தத்தைத்தான் அது அளக்கும்.

சரிபார்க்க எந்தக் கருவியும் வேண்டாம், நம் மலையே போதும். இன்ஜினை ஓட விடாமல் சாவியை மட்டும் போட்டு லேப்டாப்பில் பாருங்கள். மேப்பும் பாரோவும் ஒரு கிலோபாஸ்கல் வித்தியாசத்துக்குள் ஒன்றாக இருக்க வேண்டும். ஊட்டி சேரிங் கிராஸில் 77 சுற்றுவட்டாரத்தில் காட்ட வேண்டும். அங்கே 85, 90 என்று காட்டினால் சென்சாரின் கேலிப்ரேஷன் தவறு. அதன் மேல் கட்டிய ஃபியூயல் மேப் (பெட்ரோல் அட்டவணை) முழுக்கத் தவறு, டியூனிங்கைத் தொடராதீர்கள்.

ஒரிஜினல் ஈசியூவே போதுமா?

பல கார்களுக்குப் போதும் என்பதுதான் நேர்மையான பதில். போலோ டிஎஸ்ஐ, ஈகோஸ்போர்ட் ஈகோபூஸ்ட், பலேனோ ஆர்எஸ், வென்யூ டர்போ எல்லாமே பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின்கள். அந்த இன்ஜெக்டர்களைத் திறக்க 12 வோல்ட் போதாது, சுமார் 65 வோல்ட் வேண்டும். ஹை பிரஷர் பம்பையும் கேம் ஷாஃப்ட்டின் நிலைக்கு ஏற்ப இயக்க வேண்டும். ஒரிஜினலுக்குப் பதிலாக மாட்டும் சாதாரண ஸ்டாண்டலோன் பெட்டிகளால் இது ஆகாது. ஆகும் பெட்டிகள் காரின் விலையோடு போட்டி போடும். போதாக்குறைக்கு இம்மொபிலைசர், மீட்டர் போர்டு, ஏபிஎஸ், பவர் ஸ்டியரிங் எல்லாம் கேன் லைன் என்ற தகவல் வயரில் ஒரிஜினல் ஈசியூவோடு பேசிக்கொண்டிருக்கின்றன. நவீன கார்களின் ஒரிஜினல் ஈசியூவில் வெளிக்காற்றழுத்தக் கணக்கும் டர்போவின் விகித வரம்பும் ஏற்கனவே உண்டு. அந்த வரம்பைத் தொடாமல் நல்ல கையால் ரீமேப் (உள்ளிருக்கும் அட்டவணைகளைத் திருத்துவது) செய்வதே இந்தக் கார்களுக்கு உரிய வழி. ரீமேப் செய்பவரிடம் "உயரத்துக்கான பூஸ்ட் வரம்பைத் தொட்டீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். தொட்டதாகச் சொன்னால், ஏன் என்று விளக்கம் கேட்டு வாங்குங்கள்.

டியூனிங் பாக்ஸ் என்று விற்கும் பிக்கிபேக் பெட்டிகளை மலையில் ஓடும் காருக்கு வேண்டாம் என்றே சொல்ல வேண்டும். அது பூஸ்ட் சென்சாரின் சிக்னலை இடைமறித்துக் குறைத்துச் சொல்கிறது. ஊட்டியில் ஒரிஜினல் ஈசியூ டர்போவைக் காப்பாற்ற 160-ல் நிறுத்த நினைக்கிறது என்று வையுங்கள். பாக்ஸ் பத்து சதவீதம் குறைத்துச் சொல்வதால் உண்மையில் 178 வரை போகும். விகிதம் 2.3. காவல்காரனின் கண்ணைக் கட்டிவிட்டு வீட்டைத் திறந்து வைத்த கதைதான்.

ஸ்டாண்டலோன் பொருந்துவது, பெட்ரோலைச் சிலிண்டருக்கு வெளியே இன்டேக் வாயில் பீய்ச்சும் போர்ட் இன்ஜெக்ஷன் இன்ஜின்களுக்கு. ஃபியட் லினியா, புன்டோவில் வந்த 1368 சிசி டி-ஜெட், டர்போ மாட்டிய பழைய மாருதி இன்ஜின்கள் இந்த வகை. டி-ஜெட்டில் திராட்டில் எலக்ட்ரானிக் என்பதால், அதை இயக்கும் டிரைவர் பெட்டியிலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெகாஸ்க்விர்ட் 3-ல் அது கிடையாது, தனிக் கன்ட்ரோலர் வேண்டும். நாக் சென்சார் இன்புட் கட்டாயம். கழிவு வாயுவை முகர்ந்து கலவையைச் சொல்லும் போஷ் எல்எஸ்யு 4.9 வைட்பேண்ட் சென்சாரை நேரடியாக ஏற்கும் பெட்டியானால் ஒரு தனிப் பெட்டியும் அதன் வயரிங்கும் மிச்சம்.

இன்னொன்றும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. டர்போ இல்லாத காருக்கு டர்போ மாட்டுகிறவர்கள் ஆர்டிஓ, இன்ஷூரன்ஸ் இரண்டையும் முதலிலேயே விசாரித்துவிட வேண்டும்.

பெட்ரோல், இன்ஜெக்டர், குளிர் காலை

150 குதிரைத்திறன் இலக்கு என்றால் டர்போ பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு சுமார் 6.3 சிசி என்று கணக்கு. மொத்தம் 945, நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் 236. டியூட்டி (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) எண்பது சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதால் 295. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு ஏழெட்டு சதவீதம் கூட்டினால் 320 சிசி. எத்தனால் கலந்தால் சரியான கலவை விகிதமும் 14.7-லிருந்து 13.5 பக்கம் இறங்கிவிடுகிறது. ஆகவே ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் விகிதம்) எண்களை விட்டுவிட்டு லேம்டாவில் (சரியான கலவை 1, ரிச் ஆனால் அதற்குக் கீழே) டியூன் செய்யுங்கள். முழு பூஸ்டில் 0.78 முதல் 0.82.

மிச்சப் பெட்ரோலை டேங்க்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் இல்லாத கார்களில் ஒரு மறைவான சிக்கல் உண்டு. அவற்றில் ரெகுலேட்டர் டேங்க்கில் இருக்கிறது, வெளிக்காற்றை ஆதாரமாக வைத்து 3.5 பார் காக்கிறது. மேனிஃபோல்டில் 170 கிலோபாஸ்கல் இருக்கும்போது, இன்ஜெக்டரின் இரு முனைகளுக்கும் இடையே மேட்டுப்பாளையத்தில் 277 வித்தியாசம், ஊட்டியில் 257. இதனால் மட்டுமே பெட்ரோல் நான்கு சதவீதம் குறைகிறது. ஒன்று, ரெயிலில் ஃபியூயல் பிரஷர் சென்சார் போட்டு ஈசியூவைக் கணக்குப் பார்க்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ரிட்டர்ன் லைன் போட்டு மேனிஃபோல்டோடு இணைந்த ரெகுலேட்டர் மாட்ட வேண்டும்.

மார்கழி, தை விடியற்காலையில் ஊட்டியின் தாழ்வான இடங்களில் உறைபனி விழுகிறது. கோவையில் 30 டிகிரியில் டியூன் செய்தவரின் கிராங்கிங் (ஸ்டார்ட் செய்யும் நேரத்து) அட்டவணையில் 0, 5, 10 டிகிரிக் கட்டங்கள் வெறும் ஊகம். கார் மூன்று இரவுகள் மேலே நின்று, மூன்று காலைகள் ஸ்டார்ட் ஆகித்தான் அவை நிரம்பும். பேட்டரி குளிரில் தளர்ந்து, கிராங்கிங்கில் 8 வோல்ட்டுக்கு இறங்கும்போது ஈசியூ ரீசெட் ஆகிறதா என்று லாக்கில் (ஈசியூவின் பதிவில்) பாருங்கள். மெயின் சப்ளையை ரிலே வழியாக பேட்டரியிலிருந்தே எடுப்பதும், ஈசியூ எர்த்தை இன்ஜின் பிளாக்கில் ஒரே போல்ட்டில் கட்டுவதும் பாதித் தொல்லையைத் தீர்க்கும். வைட்பேண்ட் ஹீட்டர் இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகே சூடாகும்படி வையுங்கள். சைலன்சரில் தேங்கிய தண்ணீர்த் துளி சூடான செராமிக்கில் பட்டால் சென்சார் விரிசல் விட்டுவிடும்.

மூடுபனியும் மழையும் வயரிங்கைத் தின்னும் ஊர் இது. பெட்டியைக் காருக்குள், கிளவ் பாக்ஸ் பக்கம் வையுங்கள். உள்ளே மேப் சென்சார் உள்ள பெட்டி என்றாலும், மூன்று பார் சென்சார் ஒன்றை மேனிஃபோல்டிலேயே மாட்டுவது நல்லது. நீண்ட ரப்பர் டியூபில் ஈரம் தேங்கும், ஒருநாள் பூஸ்டில் கழன்றும் விழும். கழன்ற நொடியில் ஈசியூவுக்குத் தெரிவது 77, மேனிஃபோல்டில் இருப்பது 160. அதற்காகவே லேம்டா காவலும் போட வேண்டும்: மேப் 140-க்கு மேல் இருந்து, லேம்டா 0.90-ஐத் தாண்டி 0.3 நொடி நின்றால் இக்னிஷனை வெட்டு என்று. டியூப் கழன்றால் அந்த 140 என்ற நிபந்தனையே நிறைவேறாது என்பதால், முழு திராட்டில் என்பதையும் மாற்று நிபந்தனையாகச் சேர்த்துவிடுங்கள்.

கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் 25 கிலோமீட்டர் வேகத்தில் முழு லோடில் ஏறும்போது, டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குக் காற்று கிடைக்காது. டைனோவில் ஃபேன் முன்னால் நின்ற கார் அல்லவா அது. காற்றின் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு ஏழெட்டு டிகிரிக்கும் ஒரு டிகிரி இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கும் அட்டவணையில் தொடங்கி, நாக் சென்சார் சொல்வதைப் பார்த்துத் திருத்துங்கள். காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சார் இன்டர்கூலருக்குப் பின்னால் பைப்பில் இருக்கட்டும். சூடான மேனிஃபோல்டில் திருகினால் அது உலோகத்தின் சூட்டைத்தான் சொல்லும்.

லாக் எடுக்க ஏற்றம் மட்டும் போதாது, இறக்கமும் வேண்டும். லேப்டாப் பக்கத்து இருக்கையில் இன்னொருவர் கையில் இருக்க வேண்டும். ஊட்டியில் ஸ்டார்ட் செய்து நிறுத்தாமல் மேட்டுப்பாளையம் வரை இறங்குங்கள். இறங்கும்போது பாரோ 77-லிருந்து 97-க்குப் படிப்படியாக ஏற வேண்டும், ஒரே கோடாக நின்றால் சென்சார் வேலை செய்யவில்லை. ஆக்சிலரேட்டரை விட்ட நேரங்களில் பெட்ரோல் முழுதாக நிற்க வேண்டும். அப்போது வைட்பேண்ட் வெறும் காற்றை முகர்ந்து "லீன்" என்று கத்தும். வைட்பேண்டைப் பார்த்துப் பெட்ரோலைத் திருத்தும் குளோஸ்டு லூப் அந்த நேரத்தில் அணையாவிட்டால், பெட்ரோல் திரும்பும்போது திருத்தம் 20, 25 சதவீதத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்பது லாக்கில் தெரியும். பர்லியாறு தாண்டியதும் ஒரு தடவை மிதமான பூஸ்ட் கொடுத்து, ஊட்டிப் பக்கம் அதே ஆர்பிஎம்மிலும் அதே மேனிஃபோல்டு அழுத்தத்திலும் எடுத்த லாக்கோடு லேம்டாவை ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 0.02-க்குள் இருந்தால் பாரோ திருத்தம் சரி. அதற்கு மேல் போனால் ஃபியூயல் மேப்பைத் தொடாமல், முதலில் பாரோ திருத்த வளைகோட்டைத் திறந்து பாருங்கள்.